கீழ்க்கொல்லைப் புற்று

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் கல்லூரியில் கடைசி ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறவள். "மேடம், கேன்சர் டாக்டர் ஆகணும்னா என்னென்ன படிக்கணும், எத்தனை வருஷம் ஆகும்? நீங்க வந்த வழியைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டாள். ஓய்வு பெற்றவர்களிடம் எதையாவது எழுதித் தரச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சும்மா இருக்கிறவர்கள்தானே என்ற நினைப்பு. எழுதித் தருகிறேன் என்றேன்.

படிப்புக் கணக்கு எளிது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. அதன்பிறகு கதிர்வீச்சு சிகிச்சையில் எம்.டி. மூன்று ஆண்டு. மருந்தால் குணப்படுத்தும் பக்கம் போக வேண்டுமானால் பொது மருத்துவம் முடித்து மேலே மூன்று ஆண்டு. கத்தி பிடிக்கிற பக்கம் என்றால் அறுவை சிகிச்சை முடித்து மேலே மூன்று. எங்கள் காலத்தில் இத்தனை கிளை கிடையாது. கதிர்வீச்சில் இரண்டு ஆண்டு டிப்ளமோ, முடிந்தால் அதற்குமேல் எம்.டி. என்றுதான் இருந்தது. நான் இரண்டையும் முடித்தேன். இயற்பியல் தாளில் ஒரு முறை கோட்டைவிட்டு மறுமுறை தேறினேன். இவ்வளவையும் கால் பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதியும் விட்டேன். ஆனால் நான் வந்த வழி என்று அவள் கேட்டதற்கு இது பதில் ஆகாது. என் வழி ஜவ்வாது மலையில் ஒரு கொல்லையிலிருந்து தொடங்கியது.

எழுபதுகளின் பிற்பாதியில், படிப்பு முடிந்த கையோடு மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னைப் போட்டார்கள். போளூர்தான் எனக்குச் சொந்த ஊர். பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்தால் அந்த மலை தெரியும். அதன்மேல் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை. போளூரிலிருந்து ஏறும் பஸ் ஒன்று, இறங்கும் பஸ் ஒன்று. இரண்டு அறை, ஒரு ஜீப், ஒரு நர்ஸ், கொதிக்கவைக்கும் அடுப்பு. சாமை அறுப்புக் காலத்தில் அரிவாள் வெட்டும், புளி உலுக்கும் காலத்தில் மரத்திலிருந்து விழுந்த எலும்பு முறிவும் வரும். மற்ற நாட்களில் காய்ச்சலும் பிரசவமும். எனக்கு இருபத்தைந்து வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்புக்கு அது சரியான வயது.

அந்த நினைப்பில் ஒன்று மட்டும் நல்ல எண்ணத்தில் வந்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, பெரிய டாக்டர்கள் நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு "கார்சினோமா" என்று ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போவார்கள். கட்டிலில் இருக்கிறவர் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் படுத்திருப்பார். நான் அப்படி இருக்க மாட்டேன், சுத்தத் தமிழில், அவர்கள் நாக்குக்குப் பழகிய தமிழில் சொல்வேன் என்று சபதம் மாதிரி வைத்திருந்தேன். அந்தச் சபதம்தான் ஒரு உயிரைக் குடித்தது.

காசியம்மா என்று ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி உதிரம் படுகிறது என்றார். கூடவே அவர் கணவர் சடையன். நர்ஸை வைத்துக்கொண்டு பரிசோதித்தேன். கர்ப்பப்பை வாயில் சுண்டைக்காய் அளவில் ஒரு வளர்ச்சி, தொட்டால் ரத்தம். பாடப் புத்தகத்தில் பார்த்ததை முதல் முறையாக நேரில் பார்த்தேன். ஆரம்ப நிலை. இப்போதே மெட்ராசுக்குப் போனால் பிழைக்க நிறைய வாய்ப்பு. எனக்குள் சந்தோஷமே வந்துவிட்டது. சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். இருவரும் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் அன்றைக்கு 'நீ' என்றுதான் பேசினேன். அந்தக் காலத்தில் டாக்டர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினோம் என்பது ஒரு சமாதானம்.

"உன் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையில புத்து வந்திருக்குது" என்றேன். புற்றுநோய் என்றால் புத்தக வாசனை அடிக்கும் என்று புத்து என்றே சொன்னேன்.

சடையன் நிமிர்ந்து பார்த்தார். "புத்துங்களா?"

"ஆமா, புத்துதான். சந்தேகமே இல்ல."

அவர் மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எந்தப் புத்துங்க டாக்டரம்மா? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

எனக்கு ஆச்சரியம். மலையில் இருக்கிற மனிதர் கர்ப்பப்பையின் மேல்பாகமா கீழ்பாகமா என்று கேட்கிறாரே, என்ன புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். "கீழ இருக்கறது. வாய்லயே இருக்குது" என்றேன்.

காசியம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணுக்குரிய கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அதான் நெனச்சேன்" என்றார் சடையன். "சரிங்க. செஞ்சிடறோம்ங்க."

"ஒரு மாசத்துக்குள்ள மெட்ராஸ் போவணும். இந்தச் சீட்டைக் காட்டுனா சேத்துக்குவாங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். சடையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இவ்வளவு அமைதியாக இந்தச் செய்தியைக் கேட்டவர்களை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. நன்றாகச் சொல்லியிருக்கிறோம் என்று அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்கள் மெட்ராஸ் போயிருப்பார்கள் என்றே இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, காசியம்மாவை ஒரு கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இடது கால் வீங்கியிருந்தது. உதிரம் நிற்கவில்லை. அறைக்குள் நுழையும்போதே அந்த வாடை. பரிசோதிக்க விரல் வைத்த உடனே தெரிந்துவிட்டது. சுண்டைக்காய் போய், இடுப்பெலும்பு வரை கல்லாக இறுகியிருந்தது.

வெளியே வந்து சடையனிடம் கத்தினேன். "ஏன்யா மெட்ராஸ் போவல? நான் அவ்ளோ சொல்லி அனுப்பினேனே?"

அவர் பதறவில்லை. "நீங்க சொன்னபடிதாங்க எல்லாம் செஞ்சோம்" என்றார். "கீழ்க்கொல்லையில சாமை வெதைக்கறதுக்கு இவதாங்க புத்தை ஒடச்சா. மேல்கொல்லையிலயும் ஒண்ணு இருக்குது, அதை யாரும் தொடல. நீங்க கீழதான், அதுவும் வாய்லயேன்னு சொல்லிட்டீங்க. இவ மம்பட்டி பட்டதும் புத்து வாய்லதாங்க. வெள்ளிக்கெழம தவறாம பால் ஊத்துனோம், முட்ட வெச்சோம். அந்தக் கொல்லைய உழாம வுட்டுட்டோம். நடுவுல ரெண்டு மாசம் ஒதிரம் நின்னே பூடுச்சு. செரியாப்பூடுச்சுன்னு மெட்ராஸ் போவலீங்க. இப்ப புத்து ஆளு ஒசரம் வளந்துடுச்சு. ஆனா இவளுக்கு மட்டும் ஏன் செரியாவலன்னு தெரியல."

இடுப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடித்தபடியே இருந்தது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தார்கள். பாலோடு அதையும் புற்றின் முன்னால் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததை ஏற்றுக்கொள்ள மட்டும் முடியவில்லை. மூடநம்பிக்கை என்ற வார்த்தை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். ஜீப்பில் போளூர் வரையும், அங்கிருந்து பஸ்ஸில் மெட்ராஸ் வரையும் நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுத் துறையின் தலைவர் டாக்டர் ரங்கநாயகி. குட்டையான உருவம், கஞ்சி போட்ட நூல் புடவை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுதுகிற பேனாவை மூடிக் கீழே வைப்பார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு உதவிப் பேராசிரியர்களே நடுங்குவார்கள். பரிசோதனைக் கருவியை வெந்நீரில் போட்டு எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சூடு பதமாக இருந்தால்தான் நோயாளியின் உடம்பில் வைப்பார். அவசரம் என்று யாராவது சொன்னால், "குளிர்ந்த இரும்பு பட்டா உடம்பு இறுகும், இறுகின உடம்புல உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்.

நோயின் நிலையை அவர் முடிவு செய்யும் விதம் ஒன்று உண்டு. நோயாளிக்கு மயக்கம் கொடுத்த பிறகு துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, எலும்பைத் தொட்டிருக்கிறதா என்பதைத் துண்டுச் சீட்டில் பென்சிலால் படம் வரைந்து, கீழே நிலையை எழுதி, மடித்து ஒரு தட்டில் போட வேண்டும். கடைசியில் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். அவருடைய சீட்டைக் கடைசியாகத்தான் பிரிப்பார்கள். பெரியவர் சொன்னதையே சின்னவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கூட வந்தவள் என்றாலும் என்னையும் பரிசோதிக்கச் சொன்னார். அன்று ஆறு சீட்டு விழுந்தது. ஆறிலும் ஒரே விடை. மூன்றாம் நிலையின் பிற்பாதி.

"முதல்ல பார்த்தது நீதானே? அப்ப என்ன நிலை?" என்றார்.

"முதல் நிலை மேடம்."

"நடுவுல எட்டு மாசம் என்ன ஆச்சு?"

வழியெல்லாம் உருட்டிவைத்திருந்ததைச் சொன்னேன். "மூடநம்பிக்கை மேடம். பாம்புப் புத்துக்குப் பால் ஊத்திட்டு இருந்திருக்காங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ என்ன வார்த்தை சொன்னே?"

"புரியலை மேடம்."

"அந்தம்மாகிட்ட நோயோட பேரை என்ன வார்த்தையில சொன்னே?"

சொன்னேன். சடையன் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதிலேயே அது வேறு மாதிரி விழுந்தது. மேல இருக்கறதா, கீழ இருக்கறதா? கீழ, வாய்லயே. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"அவங்க உன் பேச்சைக் கேக்காம இல்ல. கேட்டதாலதான் இப்படி ஆச்சு" என்றார் டாக்டர் ரங்கநாயகி. "இது அவங்களுக்குத் தெரியணும். போய்ச் சொல்லிட்டு வா." பேனாவைத் திறந்து அடுத்த நோயாளியின் தாளை எடுத்துக்கொண்டார்.

அன்றே நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் சொல்லவில்லை. மலைக்குத் திரும்பி வேலை பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டு நலம் விசாரித்துப் போனேன். காசியம்மாவுக்குக் கோபால்ட் கருவியில் தினமும் சிகிச்சை. கதிர் விழும் இடத்துக்கு அடிவயிற்றில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார்கள். அது அழியக் கூடாது என்று சொல்லியிருந்ததால் குளிக்காமல் மேலுக்கு மட்டும் துடைத்துக்கொள்வார். உதிரம் நின்று முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. மூன்றாவது ஞாயிறு, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

"அம்மா, உங்க நோய்க்கும் கொல்லையில இருக்கிற புத்துக்கும் சம்பந்தம் இல்லீங்க. இந்த நோய்க்குப் பேரு அப்படி. பேரு மட்டுந்தான். நான் அதைச் சரியா சொல்லல. தப்பு என்னோடது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் ஒடச்சதால வர்லீங்களா?"

"இல்லீங்க."

"நான் மம்பட்டி போட்டது கணக்கில்லீங்களா?"

"இல்லீங்க அம்மா. ஒடைக்காம இருந்தாலும் வந்திருக்கும்."

மூன்றாவது முறையும் கேட்டார். மூன்றாவது முறையும் சொன்னேன். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நோய் வந்ததற்கு ஒரு நாளும் அழாதவர். "இந்த வருசம் சாமிக்குப் பொங்க வெக்கறப்ப என்னை அடுப்பாண்ட வர வுடலீங்க" என்றார். "புத்தை ஒடச்ச கைன்னாங்க. நானும் சரின்னு தள்ளித்தாங்க நின்னேன். எம் மருமவளுக்குக் கரு நிக்காம போனதுக்கும் நான்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

நான் எட்டு மாதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்துக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது.

"அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். "நான் சொன்னா, நோவுல பெனாத்தறேன்னு நெனப்பாரு."

வராந்தாவில் இருந்த சடையனிடமும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. வந்து மனைவியின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "அப்ப கீழ்க்கொல்லையில ஏரு கட்டலாமா?" என்று கேட்டார்.

"கட்டு" என்றார் காசியம்மா. "ஒரு போகம் வீணாப்பூடுச்சு. ஆடி மழைக்கு வெதச்சிடு. ஊர்ல கேட்டா டாக்டரம்மா சொல்லிச்சுன்னு சொல்லு."

சிகிச்சை முழுவதையும் முடித்துக்கொண்டுதான் காசியம்மா ஊருக்குப் போனார். அடுத்த பொங்கலுக்கு அடுப்பைப் பற்றவைத்தது அவர்தான் என்று நர்ஸ் வந்து சொன்னாள். அதற்கடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. முதல் தடவை சீட்டு கொடுத்தபோதே போயிருந்தால் இன்னும் பல பொங்கல் பார்த்திருப்பார். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

காசியம்மா ஊருக்குப் போன ஆண்டே டிப்ளமோவுக்கு மனுப் போட்டேன். ஏன் இந்தப் படிப்பு என்று நேர்காணலில் டாக்டர் ரங்கநாயகியே கேட்டார். காசியம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் படிப்பும் பயிற்சியும்தான். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ரேடியம் குழாயை நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயக் கட்டைக்குப் பின்னால் நின்று கோக்கப் பழகுவதற்கு, மூன்று மாதம் வெற்றுக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒருவர் கடிகாரம் பிடிப்பார். ஒரு வினாடி குறைந்தால் உன் கைக்கு அவ்வளவு லாபம் என்பார்கள். நான் வேகமாகவே கோத்தேன். வேகம் எனக்கு எப்போதுமே ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

டிப்ளமோ முடித்த ஆண்டு, ஒரு முகாமுக்காக மறுபடி மலைக்குப் போனேன். சடையன் முகாமுக்கு வந்திருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். சாயங்காலம் கீழ்க்கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமை கதிர் பிடித்திருந்தது. நடுவில் அந்தப் புற்று அப்படியே நின்றது. அதைச் சுற்றி ஏர் ஓட்டியிருந்தார்.

"ஒரு தபா ஒடச்சிடலாம்னு மம்பட்டிய தூக்கினேன்" என்றார். "கை வர்லீங்க. இதுல ஒண்ணும் இல்லன்னு தெரியுது. ஆனாலும் கை வர்ல."

ஒரு கதிரை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, என்னைக் குறை சொல்லுகிற குரலே இல்லாமல் சொன்னார்.

"அன்னிக்கு நான் மேலயா கீழயான்னு கேட்டேன் இல்லீங்களா. இன்னாத்துக்குக் கேக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ங்க."

படிப்புப் பட்டியலைக் கேட்ட பெண்ணுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, எந்தத் தேர்வு என்று வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நோயாளி கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் எதற்குக் கேட்கிறார் என்று கேள்.

மறுநாளே அழைத்தாள். கெட்டிக்காரப் பெண், வரி விடாமல் படித்திருக்கிறாள். "எல்லாம் புரிஞ்சுது மேடம். அந்தக் கடைசி வரி மட்டும் எத்தனாவது வருஷத்துல வரும்?" என்று கேட்டாள்.

"எனக்கு எட்டு மாசம் தாமதமா வந்தது" என்றேன்.